மூன்று இடத்தில் பூட்டிய கலப்பை

முதல் உலகப்போர்க் காலத்து டிராக்டர்களுக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு: ஓட்டுகிற ஆள் மேலேயே மல்லாக்கக் கவிழும். கலப்பையைப் பின்னால் மாட்டி வெறுமனே இழுத்துக்கொண்டு போவதுதான் அன்றைய முறை. கொழு பாறையிலோ வேரிலோ சிக்கினால் கலப்பை நின்றுவிடும், எஞ்சின் நிற்காது. பின்சக்கரம் உருள முடியாமல் போனதும் வண்டியின் உடல் அச்சைச் சுற்றி மேலே எழும்பும். 1917-இல் வந்த ஃபோர்ட்சன் மலிவு விலையால் லட்சக்கணக்கில் விற்றது. இப்படிக் கவிழ்ந்து ஆளைக் கொல்வதிலும் அதுவே அதிகம் பேர் வாங்கியது.

அதே ஆண்டில் அயர்லாந்தின் வேளாண் துறை, டிராக்டர்களை ஒழுங்காகப் பயன்படுத்த விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆளை அமர்த்தியது. பெயர் ஹாரி ஃபெர்குசன். 1884-இல் டவுன் மாவட்டத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், பெல்ஃபாஸ்டில் கார் வியாபாரி. 1909 டிசம்பர் 31 அன்று சொந்தமாகக் கட்டிய விமானத்தில் பறந்து, அயர்லாந்தில் முதலில் பறந்தவர் என்று பெயரெடுத்தவர். பண்ணை பண்ணையாகச் சுற்றியபோது அவருக்குத் தெளிவானது ஒன்றுதான்: கோளாறு டிராக்டரில் இல்லை, அதையும் கலப்பையையும் பூட்டும் விதத்தில் இருக்கிறது.

வில்லியம் சாண்ட்ஸ் போன்ற உதவியாளர்களோடு அவர் பல ஆண்டுகள் உழைத்துக் கண்டது மூன்று முனைப் பூட்டு. கீழே இரண்டு கைகள் கலப்பையை இழுக்கும். மேலே நடுவில் ஒரு தண்டு. நம் ஊர் ஓட்டுநர்கள் டாப் லிங்க் என்பது இதைத்தான். மண்ணில் இறங்கிய கலப்பை முன்பக்கமாகச் சாய்ந்து இந்தத் தண்டை வண்டியை நோக்கித் தள்ளும். அந்த அழுத்தம் டிராக்டரின் மூக்கைக் கீழே அமர்த்திவிடுவதால் முன்சக்கரம் எழும்பாது. கொன்ற விசையையே காவலுக்கு நிறுத்திய கெட்டிக்காரத்தனம் அது.

அதோடு நிற்கவில்லை. தண்டின் முனையில் ஒரு சுருள்வில். அதற்குப் பின்னால் ஹைட்ராலிக் வால்வு. மண் இறுகி இழுவை கூடினால் வில் அமுங்கும், வால்வு திறக்கும், கைகள் கலப்பையைச் சற்றே தூக்கும். மண் இளகினால் மறுபடி இறங்கும். தூக்கும்போது கலப்பையின் எடையும் அதன் மேலிருக்கும் மண்ணின் எடையும் பின்சக்கரத்தில் ஏறிப் பிடிமானம் கூடும். எடை குறைந்த சிறிய டிராக்டர், தன்னைவிடப் பெரிய வண்டிகள் செய்த உழவைச் செய்தது இதனால்தான். 1926-இல் இதன் அடிப்படைக்குக் காப்புரிமை கிடைத்தது. 1933-இல் கறுப்புச் சாயம் பூசிய சோதனை வண்டி தயார். 1936-இல் டேவிட் பிரவுன் நிறுவனத்தோடு சேர்ந்து விற்பனையும் தொடங்கியது; ஆனால் விலை கூடுதல், பெரிதாக ஓடவில்லை.

1938 அக்டோபரில் ஃபெர்குசன் அமெரிக்கா போய், மேசைமேல் ஒரு பொம்மை டிராக்டரை ஓட்டிக் காட்டி ஹென்றி ஃபோர்டை மயக்கினார். ஒப்பந்தப் பத்திரம் எதுவும் இல்லை, கைகுலுக்கல் மட்டுமே. அதிலிருந்து பிறந்த ஃபோர்ட் 9என், அதன் தம்பி 2என் என்று மூன்று லட்சம் வண்டிகளுக்குமேல் வெளிவந்தன. ஃபோர்டின் பேரன் பொறுப்புக்கு வந்ததும் அந்தக் கைகுலுக்கலுக்கு மதிப்பில்லாமல் போயிற்று. 25 கோடி டாலருக்குமேல் கேட்டு ஃபெர்குசன் வழக்குப் போட்டார், 1952-இல் 92.5 லட்சம் டாலரில் சமரசம் ஆனது. வாய்ச்சொல்லை நம்பிய வியாபாரத்துக்கு அது மோசமான தொகை அல்ல.

இதற்குள் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில், போர்க்காலத்தில் விமான எஞ்சின் செய்த பேனர் லேன் ஆலையில், ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் அவருக்காக டி.இ.20 டிராக்டரைச் செய்யத் தொடங்கியிருந்தது. 1946 முதல் 1956 வரை 5,17,000-க்கும் மேல். சாம்பல் நிறம் ஒன்றே நிறம். 'லிட்டில் கிரே ஃபெர்கி' என்று ஊர் செல்லப்பெயர் வைத்தது. எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி, சக்கரங்களைச் சுற்றிப் பட்டை மாட்டிய மூன்று ஃபெர்குசன்களோடு 1958 ஜனவரி 4 அன்று தென் துருவம் சேர்ந்தார். அவருக்குத் தந்திருந்த வேலை, வேறொரு குழுவுக்காக வழியில் பண்டகசாலை அமைப்பது மட்டுமே என்பது வேறு விஷயம்.

இத்தனை லட்சம் செய்ததால் இன்றும் இந்த வண்டி பிரிட்டனில் விற்பனைக்குக் கிடைக்கிறது. புது உதிரிப் பாகமும் தாராளம். வாங்க வருபவர் பெரும்பாலும் முன்னால் போய் எஞ்சின் மூடியைத் திறக்கிறார். முதலில் பார்க்க வேண்டியது பின்பக்கம். கனமான கருவியை மாட்டித் தூக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டு, அது எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்த்தால் ஹைட்ராலிக்கின் வயது தெரிந்துவிடும். இதில் ஒரு சூட்சுமம்: கருவிகளைச் சுழற்றும் பின்தண்டுக்கான பி.டி.ஓ. நெம்புகோலைப் போடாவிட்டால் ஹைட்ராலிக் பம்ப் ஓடாது. அது தெரியாமல் 'லிஃப்ட் போச்சு' என்று நல்ல வண்டியை விட்டுவிட்டு வருபவர்களும் உண்டு. அடுத்து எஞ்சின் ஆயில். பால் கலந்த மாதிரி இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே இறங்குகிறது என்று பொருள்.

மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடும் மாடலும் உண்டு. போருக்குப் பிந்தைய பிரிட்டனில் பெட்ரோல் ரேஷன், அதற்காக வந்தது. பெட்ரோலில் கிளப்பி, எஞ்சின் நன்கு சூடான பிறகே மாற்ற வேண்டும். அவசரப்பட்டால் எரியாத எண்ணெய் கீழே வடிந்து ஆயிலை நீர்க்கச் செய்யும்.

ஓட்டும்போதும் சில குணங்களுக்குப் பழக வேண்டும். கிளட்ச் ஒன்றுதான், மிதித்தால் சக்கரத்தோடு பி.டி.ஓ.வும் லிஃப்டும் சேர்ந்தே நிற்கும். புல்வெட்டும் கருவி மாட்டியிருந்தால் இன்னும் மோசம். சுழலும் கத்தியின் வேகம் தண்டு வழியாகத் திரும்பி வந்து, கிளட்சை மிதித்த பிறகும் வண்டியை முன்னால் தள்ளும். வரப்போரத்திலோ வேலியோரத்திலோ இது உயிர்ப் பிரச்சினை. ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் இணைப்பு ஒன்றைப் பி.டி.ஓ. தண்டில் மாட்டினால் தீரும். கவிழ்ந்தால் காக்கும் சட்டகம் இந்த வண்டியோடு வரவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. மண்ணைத் தொடாத கருவியை இடைப்பட்ட உயரத்தில் நிறுத்தவும் இதில் வசதி இல்லை. அளவான சங்கிலி போட்டுத் தாங்குவார்கள்.

இந்தக் குறைகளில் சிலவற்றை 1956-இல் வந்த எஃப்.இ.35 தீர்த்தது: ஆறு கியர், உயரத்தை நிறுத்தும் நெம்புகோல், உயர்ந்த வகையில் இரட்டைக் கிளட்ச். அதன் நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின் குளிரில் கிளம்ப அடம்பிடிப்பதற்குப் பேர்போனது. பழைய 35 தேடுபவர்கள் பின்னால் வந்த மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் எஞ்சினைக் கேட்டு வாங்குவது அதனால்தான். 1953-இல் ஃபெர்குசனின் நிறுவனம் மாசே ஹாரிஸ் நிறுவனத்தோடு இணைந்த பிறகு, 1957 வாக்கில் சாம்பல் போய்ச் சிவப்பு வந்தது.

1960 அக்டோபரில் ஃபெர்குசன் இறந்தார். அதே ஆண்டில் சென்னையில், அந்த இணைந்த நிறுவனமான மாசே ஃபெர்குசனின் கூட்டோடு டாஃபே டிராக்டர் நிறுவனம் தொடங்கியது. 35-இன் வழிவந்த 1035 பல பத்தாண்டுகள் தமிழ்நாட்டு வயல்களில் உழுதது. இதற்குள் காப்புரிமைக் காலம் முடிந்து மற்ற நிறுவனங்களும் அதே மூன்று முனைப் பூட்டை எடுத்துக்கொண்டிருந்தன. பூட்டும் பின்னின் தடிமனும் முனைகளின் இடைவெளியும் உலகப் பொதுத் தரமாகிவிட்டன. எனவேதான் ஒத்த அளவில் எந்தக் கம்பெனி டிராக்டர் வாங்கினாலும், பக்கத்து ஊர்ப் பட்டறையில் செய்த ஒன்பது கொத்துக் கலப்பையை அதில் அப்படியே மாட்ட முடிகிறது.