குதிரைப் பந்தயமும் பங்குச் சந்தை ஊக வணிகமும்

குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவதையும் பங்குச் சந்தையில் ஊக வணிகம் செய்வதையும் 'இரண்டும் சூதுதான்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோர் உண்டு. சட்டம் அவ்வளவு எளிதாக முடிக்கவில்லை. இந்தியாவில் இவ்விரண்டும் தடைக்கு உள்ளாகிப் பின்னர் அனுமதி பெற்றவை.

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, பந்தய ஒப்பந்தங்கள் செல்லாதவை என்கிறது. அதே பிரிவில் ஒரு விலக்கும் உண்டு: குதிரைப் பந்தயத்தில் வெல்பவருக்கு 500 ரூபாயோ அதற்கு மேலோ பரிசு வழங்கப் பணம் திரட்டினால் அது செல்லும். இந்த விலக்கு பரிசுத் தொகைக்கு மட்டுமே உரியது. பணம் கட்டிய பார்வையாளருக்கு அல்ல.

சென்னை கிண்டியில் நூறாண்டுக்கு மேலாக நடந்துவந்த பந்தயத்தை ஒழிக்க, மு. கருணாநிதி தலைமையிலான அரசு 1974இல் சட்டம் இயற்றியது. ஏழைக் குடும்பங்களின் கூலிப்பணம் பந்தயத்தில் கரைகிறது என்ற கவலை அன்று பரவலாக இருந்தது. 1986இல் எம். ஜி. ஆர். ஆட்சியில் மெட்ராஸ் ரேஸ் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ளவும் சட்டம் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1996 ஜனவரி 12 அன்று வந்த தீர்ப்பு, குதிரையின் வளர்ப்பு, பயிற்சி, ஜாக்கியின் திறன் ஆகியவற்றைச் சுட்டி, இது வாய்ப்பைவிடத் திறமை மேலோங்கிய விளையாட்டு என்றது. 1986ஆம் ஆண்டுச் சட்டமும் செல்லாததாயிற்று. குதிரைக்கும் ஜாக்கிக்கும் திறமை உண்டு என்பதில் ஐயமில்லை. பணம் கட்டியவர் எல்லாருக்கும் அது உண்டா என்பது வேறு கேள்வி.

பங்குச் சந்தையும் இதே போன்ற பாதையில் வந்ததுதான். பங்குகளில் முன்பேர வணிகத்தை மத்திய அரசு 1969இல் தடைசெய்தது. 'பட்லா' என்ற பெயரில் கணக்கை அடுத்த தவணைக்குத் தள்ளிப்போடும் வழக்கம் அதன் பிறகும் வேறு வடிவில் தொடர்ந்தது. 1999இல் சட்டம் திருத்தப்பட்டு, 2000 ஜூனில் குறியீட்டெண் ஃபியூச்சர்ஸ் வணிகம் முறையாகத் தொடங்கியது.

ஒப்புமை சட்டத்தோடு நிற்பதில்லை, கணக்கிலும் தெரிகிறது. 1860களில் பாரிஸில் ஜோசப் ஓலர் வகுத்த பொதுத்தொகை முறையில், எல்லாரும் கட்டிய பணம் ஒன்றாகச் சேர்க்கப்படும். (இதை எந்திரமாக்கிய ஜார்ஜ் ஜூலியஸ், முதலில் வாக்கு எண்ணுவதற்காகவே அந்த எந்திரத்தை வடிவமைத்தார் என்பது சுவையான செய்தி.) எடுத்துக்காட்டாக, சேர்ந்த தொகை 1,00,000 ரூபாய் என்போம். வரியும் கிளப்பின் பங்கும் 20,000 போனால் மீதி 80,000. வென்ற குதிரையின்மேல் 40,000 கட்டப்பட்டிருந்தால் ஒரு ரூபாய்க்கு இரண்டு கிடைக்கும். 8,000 மட்டுமே கட்டப்பட்டிருந்தால் பத்து கிடைக்கும். பங்கின் விலையைப் போலவே இந்த விகிதத்தையும் கூட்டத்தின் கணிப்புதான் தீர்மானிக்கிறது. குதிரை நல்லதா என்பதோடு, மற்றவர்கள் அதை எவ்வளவு நல்லதாக எண்ணுகிறார்கள் என்பதையும் கணிக்க வேண்டும்.

அந்தக் கணிப்பில் ஒரு சாய்வு உண்டு. வெல்ல வாய்ப்புக் குறைந்த குதிரைகளின்மேல் மக்கள் அளவுக்கு மீறிப் பணம் கட்டுகின்றனர் என்பதை 1949இல் கிரிஃபித் என்ற அமெரிக்க உளவியலாளர் எடுத்துக்காட்டினார். சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஆப்ஷன்களை, காலாவதி நாளன்று பெருலாபம் எதிர்பார்த்து வாங்குவோரிடமும் இதே ஆசையைக் காணலாம்.

ஆயினும் வேறுபாடு உண்டு. பங்கின் பின்னால் ஒரு நிறுவனம் இருக்கிறது. அது லாபம் ஈட்டினால் பங்கு வைத்திருப்போர் அனைவரும் பயன்பெறலாம். ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஒப்பந்தங்கள் அப்படியல்ல. அங்கே ஒருவரின் லாபம் மற்றவரின் நட்டம். இடையில் தரகும் கட்டணமும் கழியும். விலை ஏற்ற இறக்கத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள விரும்பும் முதலீட்டாளருக்கு இவை பயன்படும் என்பது உண்மையே. ஆனால் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, முந்தைய மூன்று நிதியாண்டுகளில் இவற்றில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தனர். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். கிளப்பின் பங்கைப் போல, தரகு உள்ளிட்ட செலவுகளுக்கு மட்டும் அவர்கள் கொடுத்தது ஏறத்தாழ 50,000 கோடி ரூபாய்.