வேடம்: கும்பிட்ட சொல், ஏசும் சொல்

திருகோணமலைக் கடைவீதியில் ஒருவரைப் பற்றி "அது முழுக்க வேஷம்" என்று சொன்னால் மேலே விளக்கம் தேவையில்லை. நெற்றியில் நீறு, நெஞ்சில் வேறு கணக்கு. ஆனால் சைவர்கள் கைகூப்பித் தொழுத சொல்லும் இதுதான்.

வடமொழி 'வேஷ' வெறும் உடையையும் ஒப்பனையையும் குறித்தது. தமிழுக்கு வந்து 'வேடம்' ஆயிற்று. (வேட்டைக்காரனான வேடனுக்கும் இதற்கும் உறவில்லை.) சைவத்தில் நீறு, கண்டிகை, சடை எல்லாவற்றுக்கும் அதுவே பொதுப்பெயர், 'திரு' சேர்ந்து திருவேடம். அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் அரனாகவே தொழச் சொல்கிறது சிவஞானபோதத்தின் கடைசிச் சூத்திரம். திருமூலர் அவ்வளவு எளிதில் நம்பிவிடவில்லை. அவவேடம், தவவேடம், ஞானவேடம், சிவவேடம் என்று பிரித்து, சோற்றுக்காக நீறு பூசுவோரை அவவேடத்தில் தள்ளினார்.

இந்த இரண்டு பொருளும் மோதிக்கொள்ளும் இடம் பெரியபுராணத்து மெய்ப்பொருள் நாயனார் கதை. அரசரான அவரைப் போரில் வெல்ல முடியாமல் போன பகைவன் முத்தநாதன் மேனியெங்கும் நீறு பூசி, புத்தகக் கட்டுக்குள் கத்தியை ஒளித்து வருகிறான். ஆகமம் சொல்வதாகக் கூறித் தனியறையில் அரசரைக் குத்துகிறான். பாய்ந்து வந்த காவலன் தத்தனைத் தடுத்து, 'இவர் நம்மவர், பத்திரமாக ஊர் கடத்திவிடு' என்கிறார் அரசர். ஈழத்துக் கோயில்களில் புராணபடனத்தின்போது ஒருவர் பாட்டை வாசிக்க, இன்னொருவர் பயன், அதாவது விளக்கம், சொல்வார். இந்த இடத்துக்குப் பயன் சொல்வது சுலபமான வேலையல்ல.

திருகோணமலைக் கோணேசர் கோயிலை இடித்த கதைக்கும் இதே அமைப்புதான். 1624இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோயிலைத் தகர்த்து, அந்தக் கற்களாலேயே கோட்டை எழுப்பினார். புத்தாண்டு நாளில் சுவாமி ஊர்வலம் போயிருந்த வேளை, பறங்கிச் சிப்பாய்கள் ஐயர் வேடத்தில் உள்ளே நுழைந்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். அப்படியே நடந்ததோ இல்லையோ, முத்தநாதனைக் கேட்டு வளர்ந்த காதுகள் சொல்லக்கூடிய கதை அது.

ஊரின் மற்றச் சமயத்தாரிடமும் போலி வேடம் போடுவோருக்குச் சொல் உண்டு. பழைய தமிழ் வேதாகமத்தில் 'மாயக்காரர்'. 1995இல் வந்த திருவிவிலியத்தில் 'வெளிவேடக்காரர்'. மூலக் கிரேக்கச் சொல்லுக்கு மேடை நடிகன் என்றும் பொருளிருப்பதால் பின்னது கச்சிதமான தேர்வு. முஸ்லிம்கள் 'நயவஞ்சகர்' என்பார்கள். குர்ஆனின் 63ஆவது அத்தியாயத்தின் பெயரே அதுதான்.

இவற்றில் 'வேடம்' மட்டுமே ஒரு காலத்தில் புகழ்ச்சியாகவும் இருந்தது. பேச்சில் 'வேஷம்' ஏச்சாகவே நிலைத்துவிட்டது. அதை இனி மாற்ற முடியாது. 'திருவேடம்' இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. பிள்ளைகளுக்குச் சமயபாடம் எடுக்கிறவர்கள் முத்தநாதனைச் சொல்லும்போது இந்தச் சொல்லையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். இல்லையென்றால் நாயனார் ஏன் அவனை விடுவித்தார் என்பது வகுப்பில் யாருக்கும் விளங்காது.