புதிய நகைச்சுவைத் தொடர் ஏமாற்றிவிட்டதா? உங்கள் முதல் வாரக் கோபம் எங்கே போகிறது

இரவுச் சாப்பாடு முடிந்து எல்லாரும் தொலைக்காட்சி முன்னால் உட்காருகிறீர்கள். ஒரு மாதமாக விளம்பரம் செய்த புதிய நகைச்சுவைத் தொடர். பத்து நிமிடம் போகிறது. தொடரில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது, வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் கைத்தொலைபேசியை எடுக்கிறார். இன்னொருவர், "இதுக்கா இவ்வளவு அலட்டல்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போகிறார். மறுநாள் வேலையிடத்திலும் அதே பேச்சு.

இந்தக் கோபம் எங்கே போய்ச் சேருகிறது? அதைக் கேட்டுத் தொடரை மாற்றுவார்களா? சில தொடர்கள் மாறும். சில, எவ்வளவு முயன்றாலும் மாறாது. ஏன் என்று புரிந்துகொள்ள 2004இல் அமெரிக்காவில் வந்த 'ஜோயி' தொடரைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

'ஜோயி'க்கு என்ன ஆனது?

'ஃபிரண்ட்ஸ்' தொடர் பத்து சீசன் ஓடி, 2004 மே 6ஆம் தேதி முடிந்தது. கடைசி அங்கத்தை அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 52.5 மில்லியன் பேர் பார்த்தார்கள். நான்கு மாதம் கழித்து, செப்டம்பர் 9ஆம் தேதி, அதே என்பிசி ஒளிவழியில், அதே வியாழக்கிழமை இரவு 8 மணிக்கு 'ஜோயி' தொடங்கியது. மேட் லெபிளாங்க் நடித்த அதே ஜோயி, நியூயார்க்கைவிட்டு நடிப்பு வாய்ப்புத் தேடி லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போகிறார். அங்கே அவருடைய சகோதரி, சகோதரியின் மகன், பக்கத்து வீட்டுப் பெண். கதை அவ்வளவுதான்.

முதல் அங்கத்தைச் சுமார் 18.6 மில்லியன் பேர் பார்த்தார்கள். நான் அதன் தயாரிப்பாளராக இருந்திருந்தால் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அங்கேதான் ஏமாந்திருப்பேன். அந்த எண்ணிக்கை 'ஜோயி' சம்பாதித்தது இல்லை, 'ஃபிரண்ட்ஸ்' விட்டுப்போனது. வந்தவர்கள் பழைய நண்பர்களைத் தேடி வந்தார்கள். ஒருவர்தான் இருந்தார்.

பிறகு கூட்டம் கரையத் தொடங்கியது. 2006 மார்ச்சில் பார்த்தவர்கள் ஏறக்குறைய 4 மில்லியன். அதோடு தொடரை எடுத்துவிட்டார்கள். தயாரான 46 அங்கங்களில் கடைசி எட்டு அப்போது அமெரிக்காவில் ஒளியேறவே இல்லை.

ரசிகர்கள் சொன்ன குறையைக் கொஞ்சம் கவனியுங்கள். "ஜோக் சரியில்லை" என்று மட்டும் அவர்கள் சொல்லவில்லை. "இது எங்க ஜோயி இல்லை" என்றார்கள். பழைய தொடரில் ஜோயி அசடு வழிந்தால், பக்கத்தில் சாண்ட்லர் ஒரு கிண்டல் அடிப்பார், மோனிகா முறைப்பார், அதோடு காட்சி நகர்ந்துவிடும். ஆறு பேரில் ஒருவருடைய அசட்டுத்தனம் அது, அளவாகத்தான் வரும். அதே ஆளை நண்பர்கள் இல்லாமல், வேறு ஊரில், வேலை தேடி அலையவிட்டால்? சிரிப்பு வரவில்லை, பாவமாக இருந்தது. இரண்டு தொடர்களிலும் நிர்வாகத் தயாரிப்பாளராக இருந்த கெவின் பிரைட்டும் ஜோயி பரிதாபத்துக்குரிய ஆளாக மாறிப்போனதைப் பின்னர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இதை எப்படிச் சரிசெய்வது? ஜோக்கை மாற்றி எழுதலாம். புதிய பாத்திரங்களைச் சேர்க்கலாம். ஆனால் ஜோயியை மாற்ற முடியாது. பத்து ஆண்டுகளாக அவரை வீட்டுப் பிள்ளை மாதிரி பார்த்தவர்கள் விடமாட்டார்கள்.

குறை கேட்டு மாறிய தொடர்கள் உண்டா?

நிறையவே உண்டு. 'சீன்ஃபெல்ட்' தொடரின் முதல் அங்கத்தை 1989இல் ரசிகர்களுக்குப் போட்டுக்காட்டிச் சோதித்தபோது மதிப்பீடு மிக மோசம். அந்த ஆண்டு ஜூலையில் அது ஒளியேறிய பிறகு என்பிசி கேட்டது இன்னும் நான்கே நான்கு அங்கங்கள். முதல் அங்கத்தில் எலேன் என்ற பாத்திரமே கிடையாது. மூன்று ஆண்கள் மட்டுமே பேசிக்கொண்டே இருக்கிறார்கள், ஒரு பெண் வேண்டும் என்று ஒளிவழி சொன்ன பிறகுதான் எலேன் வந்தார். இன்று எலேன் இல்லாத 'சீன்ஃபெல்ட்'டை யாராவது நினைத்துப் பார்க்க முடியுமா? தொடர் ஒன்பது சீசன் ஓடியது.

'த ஆஃபிஸ்' அமெரிக்காவில் 2005 மார்ச்சில் தொடங்கியது. முதல் அங்கம் பிரிட்டிஷ் மூலத்தை ஏறக்குறைய அப்படியே நகலெடுத்தது. சுமார் 11 மில்லியன் பேர் பார்த்தார்கள், அடுத்த வாரமே பாதிப் பேரைக் காணோம். "அசல் இருக்கும்போது நகல் எதுக்கு?" என்பதுதான் பலருடைய கேள்வி. இரண்டாம் சீசனில் ஸ்டீவ் கேரல் நடித்த மைக்கேல் ஸ்காட்டை மாற்றினார்கள். எரிச்சலூட்டும் முதலாளியாக இருந்தவர், பிறர் தன்னை விரும்ப வேண்டும் என்று ஏங்கும் ஆளானார். தலைமுடிகூட மாறியது. 'பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்' 2009இல் தொடங்கியபோது, அதன் நாயகி லெஸ்லி, மைக்கேல் ஸ்காட்டின் பெண் வடிவம்போல இருக்கிறார் என்று குறை வந்தது. அடுத்த சீசனில் அவர் வேலையில் கெட்டிக்காரர் ஆனார். இரண்டு தொடர்களின் முதல் சீசனிலும் ஆறு அங்கங்கள்தான். அதுவும் நல்லதாகப் போயிற்று.

மைக்கேலும் லெஸ்லியும் புதியவர்கள். அவர்களை யாரும் இன்னும் சொந்தம் கொண்டாடவில்லை. அதனால் மாற்ற முடிந்தது. ஜோயிக்கு அந்தச் சுதந்திரம் இல்லை.

நம்மூரில் நடந்தது கொஞ்சம் வேடிக்கை. 1997இல் தொடங்கிய 'புவா சூ காங்' ஏமாற்றிய தொடர் இல்லை, பெரிய வெற்றி. அங்கே குறை சொன்னவர் பிரதமர். 1999 தேசிய தினப் பேரணி உரையில் திரு கோ சோக் தோங், பிள்ளைகள் அந்தக் குத்தகையாளரைப் பார்த்து சிங்கிலிஷ் பேசுகிறார்கள், அவரை ஆங்கில வகுப்புக்கு அனுப்பலாமே என்றார். தொடரிலும் அவர் வகுப்புக்குப் போனார்! ஆனால் மஞ்சள் காலணி போட்ட புவா சூ காங் புவா சூ காங்காகவே இருந்தார். தொடர் 2007வரை ஓடியது.

இப்போது உங்கள் குறைக்கு மதிப்பு இருக்கிறதா?

முன்பைவிட வேறு மாதிரி. அமெரிக்க ஒளிவழிகள் ஆண்டுக்கு 22, 24 அங்கங்கள் எடுத்த காலத்தில், தொடர் ஒளியேறும்போதே அடுத்த அங்கங்களை எழுதிக்கொண்டிருப்பார்கள். அக்டோபரில் நீங்கள் முணுமுணுத்தது ஜனவரியில் தெரியும். அரங்கில் ரசிகர்களை உட்காரவைத்து எடுக்கும் தொடர்களில் இன்னும் வேகம். ஒரு ஜோக்குக்குச் சிரிப்பு வராவிட்டால் எழுத்தாளர்கள் அங்கேயே கூடி வேறு வரி எழுதி, மறுபடி எடுப்பார்கள். 'ஃபிரண்ட்ஸ்' அப்படி உருவானதுதான். (ஆனால் அரங்குக்கு வருபவர்கள் ஏற்கெனவே ஆசையோடு வருபவர்கள். அவர்கள் சிரிப்பது உண்மை, நீங்கள் சிரிக்காததும் உண்மை.)

இணையத் தளங்களில் எட்டோ பத்தோ அங்கங்களை முழுசாக முடித்துவிட்டுத்தான் பெரும்பாலும் உங்களிடம் தருகிறார்கள். நீங்கள் குறை சொல்லும்போது மாற்ற எதுவும் மிச்சமில்லை. அடுத்த சீசன் உண்டா இல்லையா என்பது மட்டும்தான் மிச்சம். அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதைவிட, எந்த அங்கத்தில் நிறுத்தினீர்கள் என்பதையே முதலில் பார்ப்பார்கள். 'சீன்ஃபெல்ட்' போன்ற ஒன்று இன்று வந்தால் இரண்டாம் சீசன் கிடைக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

ஆகவே, புதிய தொடர் ஒன்று பிடிக்கவில்லையென்றால் உங்களையே ஒன்று கேட்டுப் பாருங்கள். பிடிக்காதது ஜோக்கா, ஆளா? ஆள் புதியவர் என்றால் இன்னும் மூன்று அங்கம் பார்க்கலாம். பழைய தொடரிலிருந்து இழுத்துவரப்பட்டவர் என்றால், பழைய தொடரையே மறுபடி போட்டுப் பார்ப்பது மேல்.

மேட் லெபிளாங்க் என்ன ஆனார் என்கிறீர்களா? 2011இல் 'எபிசோட்ஸ்' என்ற தொடரில் மேட் லெபிளாங்க்காகவே நடித்தார். நல்ல பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர் ஒன்றை ஹாலிவுட் எப்படிக் கெடுக்கிறது என்பதுதான் கதை. உருவாக்கியவர்களில் ஒருவர், 'ஃபிரண்ட்ஸ்' தொடரை உருவாக்கிய இருவரில் ஒருவரான டேவிட் கிரேன். அதற்காக லெபிளாங்க் 2012இல் கோல்டன் குளோப் விருது வாங்கினார்.