ஃபாசுடில் வந்த வழி

மூளையின் மேற்பரப்பில் ஓடும் ரத்தக்குழாய் ஒன்று புடைத்து வெடித்தால், அறுவைச் சிகிச்சையில் கசிவை அடைத்த பிறகும் ஆபத்து தீர்வதில்லை. ஏறக்குறைய நான்காம் நாளிலிருந்து இரண்டு வாரம் வரை மருத்துவர்கள் இன்னொன்றுக்கு அஞ்சிக்கொண்டிருப்பார்கள். வெளியே கசிந்து தேங்கிய ரத்தம், வெடிக்காத ரத்தக்குழாய்களையும் சுருங்க வைத்துவிடும். அந்தச் சுருக்கம் நாள்கணக்கில் விடாது. ஆள் பிழைத்துவிட்டார் என்று வீட்டார் ஆறுதல் அடைந்திருக்கும் நேரத்தில் கைகால் விழுந்துவிடலாம், பேச்சு போய்விடலாம். இந்தச் சுருக்கத்தைத் தளர்த்த 1995இல் ஜப்பான் ஓர் ஊசி மருந்துக்கு அனுமதி கொடுத்தது. அதன் பெயர் ஃபாசுடில்.

அதற்கு முன் அது எச்ஏ-1077 என்ற ஆய்வக எண்தான். 1980களில் ஹிரோயோஷி ஹிடாகாவின் குழு ஐசோகுயினோலின் என்னும் வளைய மூலக்கூறை வைத்துப் பல சேர்மங்களை உருவாக்கியது. புரதத்தின் மீது பாஸ்பேட்டை ஒட்டி அதன் வேலையை மாற்றும் நொதிகளுக்குக் கைனேஸ் என்று பெயர். மனித உடலில் இவை 500க்கும் மேல். பாஸ்பேட்டைத் தருவது ஏடிபி என்ற மூலக்கூறு; அது வந்து அமரும் குழி ஏறத்தாழ எல்லாக் கைனேஸ்களிலும் ஒரே மாதிரி இருக்கும். அந்தக் குழியை அடைக்கும் பொருள் எல்லாவற்றையும் சேர்த்து முடக்கிவிடும், அது மருந்தாகாது என்று பலர் ஒதுங்கியிருந்த காலம் அது. ஹிடாகா ஒதுங்கவில்லை. கைனேஸ் தடுப்பு மருந்து என்றால் எல்லோரும் சொல்வது 2001இல் வந்த இமாட்டினிப்பைத்தான். அதற்கு ஆறு ஆண்டு முன்பே ஃபாசுடில் நோயாளிகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இந்த முன்னோடிக்கு உரிய பெயர் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

இத்தனைக்கும், அது உடலில் எந்த நொதியைப் பிடித்து நிறுத்துகிறது என்பது அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது. வழக்கமான கால்சியம் தடுப்பு மருந்துகள் செல்லின் வாயிலில் கால்சியத்தை மறிக்கும். இதுவோ வாயிலைத் தொடாமலே ரத்தக்குழாயைத் தளர்த்தியது. எனவே செல்லுக்குள் வேலை செய்யும் கால்சியம் எதிர்ப்பி என்று சொல்லிவைத்தார்கள்.

விடை வேறு திசையிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1985இல் அமெரிக்காவில் பாஸ்கல் மதோல், ரிச்சர்ட் ஆக்சல் இருவரும் அப்ளீசியா என்னும் கடல் நத்தையில் ரோ என்ற மரபணுவைக் கண்டார்கள். 1992இல் லண்டனில் ஆன் ரிட்லியும் ஆலன் ஹாலும், ரோ புரதம் செல்லுக்குள் போனால் ஆக்டின் இழைகள் தடித்த கற்றைகளாகத் திரள்வதைக் காட்டினார்கள். பந்தலை நிறுத்தும் கயிறுகளைப் போல, செல்லுக்கு உருவமும் விறைப்பும் தருபவை இந்த இழைகள். ரோவின் கட்டளையை இழைகளுக்குக் கொண்டுபோவது யார்? 1995, 96இல் மூன்று இடங்களில் ஒரே பதில் கிடைத்தது. சிங்கப்பூரில் தாமஸ் லியுங் குழு எலி மூளையிலும், நாராவில் கோஸோ கைபுச்சியின் குழு மாட்டு மூளையிலும், கியோட்டோவில் ஷூ நருமியாவின் குழு மனித ரத்தத் தட்டணுக்களிலும் ஒரே கைனேஸ் குடும்பத்தைக் கண்டெடுத்தன. ராக் 1, ராக் 2 என இரண்டு உறுப்பினர் கொண்ட குடும்பம்.

ரத்தக்குழாய்ச் சுவரின் தசைச்செல்லில் கால்சியம் ஏறினால் மயோசின் மீது பாஸ்பேட் ஒட்டும், மயோசின் ஆக்டினை இழுக்கும், குழாய் சுருங்கும். பிறகு வேறொரு நொதி அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றும், தசை தளரும். ராக் செய்வது, கழற்றும் அந்த நொதியையே முடக்கிவிடுவது. அதனால் கால்சியம் இறங்கிய பின்னும் பிடி விடுவதில்லை. அதோடு, பழைய ஆக்டின் இழைகளை வெட்டும் கோஃபிலின் என்ற புரதத்தையும், இடையில் லிம் கைனேஸை ஏவி, நிறுத்திவைக்கிறது. இழுவை குறைவதில்லை, இழையும் அறுவதில்லை. மூளை ரத்தக்குழாய் நாள்கணக்கில் சுருங்கிக் கிடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

1997இல் யோஷிடோமி நிறுவனத்தின் உஎஹாதாவும் நருமியாவும் மற்றவர்களும், ராக்கைத் தடுக்கும் ஒய்-27632 என்ற சேர்மம் எலிகளின் உயர் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதை நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். ஏற்கெனவே மருத்துவமனைகளில் இருந்த ஃபாசுடிலின் முதன்மை இலக்கும் ராக்தான் என்பது அந்த ஆண்டுகளில் தெளிவானது.

அதன் பின் நடந்தவற்றில் என்னை மிகவும் நெகிழவைப்பது கோபே நகரில் யோஷிகி சசாயின் ஆய்வகத்தில் நடந்தது. மனிதக் கருமூலச் செல்களைக் கூட்டத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தால் நூற்றில் ஒன்றுதான் பிழைத்துப் பெருகும். ஒய்-27632ஐச் சேர்த்ததும் அது சுமார் 27 ஆனது. 2007இல் இது வெளிவந்தது. தனித்துவிடப்பட்ட செல்லில் மயோசின் கட்டுப்பாடின்றி இழுப்பதே அதைக் கொல்கிறது என்பது 2010வாக்கில் விளங்கியது. இன்று மூலச்செல் ஆய்வகங்களில் அந்தச் சேர்மம் அன்றாடப் பொருள்.

கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் வழியில் வலைபோன்ற ஒரு திசு உண்டு. அது இறுகினால் நீர் தேங்கிக் கண் அழுத்தம் ஏறும், பார்வை நரம்பு கெடும். ராக்கைத் தடுத்தால் அந்த வலை தளர்கிறது. ஃபாசுடிலுடன் ஒரு ஃபுளூரின் அணுவையும் ஒரு மெத்தில் தொகுதியையும் சேர்த்து உருவான ரிபாசுடில், 2014இல் ஜப்பானில் சொட்டு மருந்தாக வந்தது. 2017 டிசம்பரில் அமெரிக்காவில் நெட்டார்சுடில் வந்தது. இரண்டிலும் கண் சிவக்கும். வெண்விழியின் ரத்தக்குழாய்களும் சேர்ந்து விரிவதால் வருவது அது. மருந்தைப் பாதியில் நிறுத்துபவர்களும் உண்டு. மூன்றாவதாக, ராக் 2ஐ மட்டும் குறிவைக்கும் பெலுமோசுடில் மாத்திரை. தானமாகப் பெற்ற எலும்பு மஜ்ஜையின் செல்கள் பெற்றவரின் உடலையே தாக்கும் நாட்பட்ட நோய்க்கு 2021 ஜூலையில் அமெரிக்கா அதை அனுமதித்தது.

முதலில் வந்த ஃபாசுடிலுக்கு அமெரிக்காவில் இன்னும் அனுமதி இல்லை. ஆனால் தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகும் ஏஎல்எஸ் நோயாளிகளுக்கு, ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து மருத்துவமனைகளில் அது 20 நாள் ஊசியாகக் கொடுத்துப் பார்க்கப்பட்டது. உடல் அதைத் தாங்குகிறது, பாதுகாப்பானது என்று 2024இல் முடிவு வந்தது. நோயின் வேகத்தை அது குறைக்கிறதா என்பதற்கு, நீண்ட நாள் மருந்து கொடுத்துப் பார்க்கும் பெரிய ஆய்வு தேவைப்படுகிறது.