அலைனர்: மொன்றியலில் கம்பியில்லாப் பல் சீரமைப்பு

அலைனர் என்பது பல்வரிசையின் மேல் மாட்டிக் கழற்றும் தெளிவான பிளாஸ்டிக் உறை. ஓர் உறையோடு வேலை முடியாது. உறைகள் தொடராக வரும். ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சற்றே திருந்திய பல்வரிசையின் அச்சில் செய்யப்பட்டிருக்கும். ஓர் உறையில் ஒரு பல் அதிகபட்சம் 0.25 மில்லிமீற்றர் அளவுக்கே நகர்த்தப்படும். ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடுத்த உறைக்கு மாற வேண்டும். நாளில் 20 முதல் 22 மணிநேரம் அது வாயில் இருக்க வேண்டும். தெற்றுப்பல், பல்லிடை வெளி, முன்தள்ளிய பல் ஆகியவற்றுக்கு முன்பெல்லாம் "கிளிப் போட" வேண்டியிருந்தது. இன்று மொன்றியலில் பெரியவர்கள் பலர் முதலில் விசாரிப்பது அலைனரைத்தான்.

விளம்பரங்களைப் பார்த்தால் பிளாஸ்டிக்தான் பல்லை நகர்த்துகிறது என்று தோன்றும். பிளாஸ்டிக் அழுத்தம் மட்டுமே கொடுக்கிறது. இடம்விட்டுக் கொடுப்பது எலும்பு. பல் எலும்போடு நேரே ஒட்டியிருப்பதில்லை; வேரைச் சுற்றி மெல்லிய நார் இழையம் இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் இலேசான அழுத்தம் விடாமல் விழுந்தால், அந்தப் பக்கத்து எலும்பை ஒருவகைக் கலங்கள் கரைக்கின்றன. இழுபடும் மறுபக்கத்தில் வேறு கலங்கள் புது எலும்பைக் கட்டுகின்றன. அழுத்தத்தைக் கூட்டினால் வேகம் கூடாது. இழையத்துக்கு இரத்தம் போவது தடைப்பட்டுப் பல் நின்றுவிடும். கால் மில்லிமீற்றர் கணக்கு அதனால்தான்.

எலும்பு ஓயாமல் கரைந்து கட்டப்படும் பொருள் என்பதை உலகுக்குத் தெளிவாகக் காட்டியவர்களில் ஒருவர் மொன்றியல்காரர். பிரான்சின் லில் நகரில் பிறந்த சார்ல்ஸ் பிலிப் லெப்லோன் (1910–2007) 1941இல் மொன்றியலின் மக்கில் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 1946இல் லெயோனார் பெலாஞ்சேயுடன் சேர்ந்து, இழையச் சீவலின் மேல் நேரடியாகப் புகைப்படக் குழம்பைப் பூசி, கதிரியக்கத் தனிமம் தங்கிய இடத்தைக் கண்டறியும் முறையை வகுத்தார். 1959இல் பிரேசில் அறிஞர் ஜோசே கார்னெய்ரோவும் அவரும் எலும்பின் கொலாஜனையும் பல்லின் உட்பகுதியான டென்டினின் கொலாஜனையும் எந்தக் கலங்கள் சுரக்கின்றன என்பதைச் சுண்டெலிகளில் காட்டினார்கள். லெப்லோன் அலைனருக்காக எதையும் செய்தவர் அல்லர். என்றாலும் பல் ஏன் நகர்கிறது என்று கேட்டால், அவர் ஆய்வுகூடத்தைத் தொடாமல் விடை சொல்ல முடியாது. பல்மருத்துவ மாணவர்கள் பல நாடுகளில் படிக்கும் டென் கேட்டின் வாய் இழையவியல் பாடநூலின் பிந்தைய பதிப்புகளைத் தொகுத்த அன்டோனியோ நான்சியும் மொன்றியல் பல்கலைக்கழகத்தவர்.

உறையின் வரலாறு அமெரிக்காவில் தொடங்குகிறது. 1945இல் இந்தியானா மாநிலத்துப் பல்மருத்துவர் ஹரோல்ட் கெஸ்லிங், கம்பி கழற்றியபின் எஞ்சும் சிறு கோணலைச் சரிசெய்ய ரப்பரால் ஒரு வாயுறை செய்தார். இப்படியே தொடராகப் பல உறைகள் செய்தால் பெரிய நகர்வுகளும் கைகூடலாம் என்று அப்போதே எழுதியும் வைத்தார். 1964இல் ஹென்றி நாஹூம் சூடாக்கிய பிளாஸ்டிக் தாளை வெற்றிடத்தால் உறிஞ்சி அச்சில் படியவைத்தார். 1993இல் லூசியானாவைச் சேர்ந்த ஜாக் ஷெரிடன் எசிக்ஸ் என்ற மெல்லிய உறையைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு கட்டத்துக்கும் யாராவது மெழுகில் பல்லைக் கையால் நகர்த்தி அச்சு எடுக்க வேண்டியிருந்ததால், கெஸ்லிங்கின் எண்ணம் ஐம்பது ஆண்டு ஏட்டிலேயே கிடந்தது.

அந்தக் கைவேலையைக் கணினியிடம் கொடுத்ததுதான் உண்மையான திருப்பம். லாகூரில் வளர்ந்த சியா சிஷ்டி, ஸ்டான்ஃபோர்டில் வணிக மேலாண்மை படித்தவர். வளர்ந்த பிறகு கம்பி போட்டு, அதன்பின் பல்லைப் பிடித்துவைக்கும் உறையை அணிந்துவந்தார். அதைச் சில நாள் போடாமல் விட்டால் பல் விலகுவதையும், மறுபடி போட்டால் திரும்புவதையும் கவனித்தார். உடன் படித்த கெல்சி வேர்த்துடன் 1997இல் அலைன் டெக்னாலஜி நிறுவனத்தைத் தொடங்கினார். இருவரும் பல்மருத்துவர்கள் அல்லர். அந்தத் துறைக்குள் இருந்தவர்களுக்கு இது ஏன் தோன்றவில்லை என்று கேட்கத்தான் தோன்றுகிறது. 1998இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. 1999இல் இன்விசலைன் விற்பனைக்கு வந்தது. கணினியில் பல்லைப் படிப்படியாக நகர்த்தும் வேலை முதலில் லாகூரில் நடந்து, 2001க்குப் பின் கோஸ்டாரிக்காவுக்குப் போனது. ஒவ்வொரு கட்டத்துக்கும் முப்பரிமாண அச்சில் ஒரு மாதிரிப் பல்வரிசை செய்து, அதன்மேல் பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கிப் படியவைக்கிறார்கள். 2017 முதல் அடிப்படைக் காப்புரிமைகள் காலாவதியாக, போட்டி நிறுவனங்கள் பெருகின.

மொன்றியலில் பல்மருத்துவக் கல்வி பழையது. மக்கிலின் பல்மருத்துவத் துறையும், பிரெஞ்சு மொழியில் நடந்த பல்மருத்துவப் பள்ளியும் 1904இல் தொடங்கின. பின்னது இன்று மொன்றியல் பல்கலைக்கழகத்தின் பீடம். பல் சீரமைப்பில் சிறப்புப் பயிற்சி தருவது கியூபெக்கில் அது ஒன்றுதான். இலங்கையிலோ இந்தியாவிலோ படித்துவந்த பல்மருத்துவர் இங்கே தொழில் செய்ய, கனடாவின் தகுதிகாண் தேர்வுகளோடு பிரெஞ்சு அறிவையும் நிரூபிக்க வேண்டும். 1977ஆம் ஆண்டின் கியூபெக் மொழிச் சட்டம் எல்லாத் தொழில் ஒழுங்கமைப்புகளுக்கும் வைத்த நிபந்தனை அது.

கியூபெக்கில் பல்லின் குறையைக் கண்டறிவதும் சிகிச்சை செய்வதும் சட்டப்படி பல்மருத்துவரின் வேலை. மேற்பார்ப்பது கியூபெக் பல்மருத்துவர் ஒழுங்கமைப்பு. பல் சீரமைப்பைத் தபாலில் விற்கும் பொருளாக்கிய காலத்தில் இந்தச் சட்டத்தின் அருமை தெரிந்தது. 2014இல் நாஷ்வில்லில் தொடங்கிய ஸ்மைல் டைரக்ட் கிளப், வீட்டிலேயே அச்செடுத்து அனுப்பினால் உறைகள் வீடு தேடி வரும் என்றது. கனடாவிலும் கடை விரித்தது. 2019 செப்டம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தது. 2023 செப்டம்பரில் திவால் மனு. அவ்வாண்டு டிசம்பரில் ஒரேயடியாக மூடல். சிகிச்சை பாதியில் நின்றவர்கள் வேறு மருத்துவரைத் தேடினார்கள். வேர் எப்படி இருக்கிறது, ஈறு நோய் உண்டா என்பதை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் பல்லை அசைப்பது ஆபத்து என்று பல்மருத்துவர்கள் முதலிலிருந்தே சொல்லிவந்தார்கள்.

எல்லாக் கோணலுக்கும் அலைனர் ஏற்றதன்று. உருண்டையான கோரைப்பல்லைத் திருப்புவது, உள்ளே நிற்கும் பல்லை வெளியே இழுப்பது போன்றவற்றில் உறை வழுக்கும். அதனால் பல்லின் நிறத்திலேயே சிறு குமிழ்களை ஒட்டி உறைக்குப் பிடிமானம் கொடுப்பார்கள். தாடையெலும்பே பொருந்தாவிட்டால் அறுவைச் சிகிச்சைதான்.

தமிழ் வீட்டில் சோதனை வேறு. உறையைக் கழற்றாமல் தண்ணீர் தவிர எதையும் குடிக்கக்கூடாது. பத்து மணித் தேநீரும் நாலு மணித் தேநீரும், உறையைக் கழற்றி வைக்கக் கிடைக்கும் இரண்டு முதல் நாலு மணிநேரக் கணக்கை விழுங்கிவிடும். மஞ்சள் சேர்த்த கறி தின்றுவிட்டுப் பல் துலக்காமல் மாட்டினால் உறை அன்றைக்கே மஞ்சளாகும். சாப்பிடும்போது கடதாசியில் சுற்றி வைத்த உறை தட்டோடு குப்பைக்குப் போவது சிகிச்சையறைகளில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு. புது உறை போட்ட முதல் இரவு இறுக்கமாக வலிக்கும். அதனால் படுக்கப்போகுமுன் மாற்றச் சொல்வார்கள்.

கியூபெக் அரசின் மருத்துவக் காப்பீடு பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் அடிப்படைப் பற்சிகிச்சையை ஏற்கிறது. பல் சீரமைப்பு பொதுவாக அதில் அடங்காது. வேலையிடக் காப்பீட்டில் பெரும்பாலும் ஆயுளுக்கு ஓர் உச்சவரம்பு இருக்கும். கடைசி உறை முடிந்ததும் செலவு முடிவதில்லை. நார் இழையம் பழைய இடத்துக்கே இழுக்கும் என்பதால், பல்லின் பின்புறம் மெல்லிய கம்பி ஒட்டுவார்கள், அல்லது இரவில் பிடிப்புறை அணியச் சொல்வார்கள். அந்த உறை வெடித்தால் புதிதாகச் செய்விக்க வேண்டும். பல வருடங்களுக்கு அணியும்படியே மருத்துவர்கள் சொல்கிறார்கள்.