டிப்ளமோ சிஸ்டர், டிகிரி சிஸ்டர்: ஒரு ஏணியின் கதை



பி.காம். படிக்கிறவளுக்கு நர்சிங் வரலாற்றில் என்ன வேலை என்று கிளாஸ்மேட்ஸ் கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. நம்ம போடிநாயக்கனூர் பக்கம் பிளஸ் டூ முடித்த பெண்களிடம் "அடுத்து என்ன?" என்று கேட்டால் நிறையப் பேர் சொல்வது நர்சிங். அதில் பலர் 4 வருட பி.எஸ்சி.யை விட்டுவிட்டு டிப்ளமோவில் சேருவார்கள். விடிவதற்கு முன்னால் ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய் வருகிற குடும்பத்துக்கு, பெண் எவ்வளவு சீக்கிரம் சம்பாதிக்க ஆரம்பிக்கிறாள் என்பது பெரிய விஷயம். "டிகிரிய அப்புறமா படிச்சுக்கலாம்மா" என்று சொல்லித்தான் சேர்த்து விடுவார்கள்.

அந்த "அப்புறமா"வுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதலில் தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். டிப்ளமோ என்றால் ஜி.என்.எம். அதை முடித்து மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தால் பதிவு பெற்ற நர்ஸ். அதன் பிறகு 2 வருடம் படித்தால் பட்டம் கிடைக்கும். அதற்குப் பெயர் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங். இந்த 2 வருட ஏணி எப்போது வந்தது, ஏன் வந்தது?

படிப்பா, வேலையா?

இந்தியாவில் நர்ஸ் பயிற்சியின் ஆரம்பம் நம்ம மெட்ராஸில்தான். 1854-ல் பிரசவம் பார்ப்பவர்களுக்கு அரசு ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கியது. 1871-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சி ஆரம்பமானது. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் நடத்திய மருத்துவமனையில் 1909-ல் டெலியா ஹூட்டன் என்ற நர்ஸ் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1926-ல் மெட்ராஸ் மாகாணத்தில் நர்ஸ்கள், தாதிகள் சட்டம் வந்தது. பதிவு செய்யும் முறை இந்தச் சட்டத்தின் கீழ் வந்ததுதான்.

ஆனால் இந்தப் பள்ளிகள் எல்லாம் மருத்துவமனையின் ஒரு பகுதி. மாணவிதான் வார்டில் வேலை செய்யும் கை. பகலில் வார்டு, நேரம் கிடைத்தால் பாடம். நம் நாட்டில் மட்டுமல்ல, உலகம் முழுவதும் இதே கதைதான்.

1946

1943-ல் ஆங்கிலேய அரசு சர் ஜோசப் போர் தலைமையில் ஒரு குழு அமைத்தது. 1946-ல் வந்த அதன் அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. 6,300 பேருக்கு ஒரு டாக்டர். 43,000 பேருக்கு ஒரு நர்ஸ்! டாக்டரை விட நர்ஸ் குறைவாக இருந்த நாடு இது.

நர்ஸ்களை அதிகமாக்க வேண்டுமென்றால் முதலில் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டுமே? அதே 1946-ல் டெல்லியிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் பி.எஸ்சி. நர்சிங் தொடங்கியது. டெல்லி கல்லூரிக்குப் பின்னாளில் ராஜகுமாரி அம்ரித் கௌர் பெயர் வைத்தார்கள். வேலூர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ். 1947-ல் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டமும் வந்தது.

நல்ல விஷயம்தான். ஆனால் கதவு புதிதாக வருகிறவர்களுக்குத்தான் திறந்தது. பத்து வருடம் வார்டில் ராத்திரி டியூட்டி பார்த்த டிப்ளமோ சிஸ்டர் பட்டம் வேண்டுமென்றால் நேற்று பள்ளி முடித்த பெண்ணோடு முதல் வருடத்தில் உட்கார வேண்டும். அவருடைய அனுபவத்துக்கு மார்க் இல்லை.

இதற்கு வழி பிறந்தது மலைக்கு அந்தப் பக்கம். 1963-ல் திருவனந்தபுரத்தில், ஏற்கனவே பயிற்சி முடித்த நர்ஸ்களுக்காக 2 வருடப் பட்டப் படிப்பு தொடங்கினார்கள். "உனக்குத் தெரிந்ததைத் திரும்பப் படிக்க வேண்டாம், விட்டுப்போனதைப் படி" என்பதுதான் அதன் அர்த்தம். மைக்ரோபயாலஜி, உயிர்வேதியியல், உளவியல், சமூக நலம், நிர்வாகம், ஆராய்ச்சியும் புள்ளியியலும்... வார்டில் கைப்பழக்கமாக வந்த வேலைக்குக் காரணம் சொல்லித் தருகிற பாடங்கள் இவை.

கொஞ்சம் கணக்கு

இங்கேதான் காமர்ஸ் வருகிறது. படிப்பின் விலை ஃபீஸ் மட்டும் இல்லை. படிக்கப் போவதால் விட்டுப் போகிற சம்பளமும் விலைதான். வாய்ப்புச் செலவு என்று முதல் வருடத்தில் படித்தோமே!

ஓர் உதாரணம். 2015-ல் தமிழக அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து நர்ஸ்களை எடுத்தது. மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். அந்தச் சம்பளத்தையே வைத்துக் கணக்குப் போட்டாலும் 24 மாதத்துக்கு 1,84,800 ரூபாய். ஃபீஸ், ஹாஸ்டல் தனி. வீட்டில் தம்பி படிக்கிறான், அப்பா தோட்ட வேலைக்குப் போகிறார் என்றால் இந்தத் தொகையை யார் விடுவார்கள்?

இதைப் புரிந்துகொண்டது இக்னோ. 1994-ல் வேலையில் இருக்கிற நர்ஸ்களுக்காகத் தொலைநிலையில் போஸ்ட் பேசிக் பட்டம் கொண்டு வந்தார்கள். 2 வருடத்துக்குப் பதில் 3 வருடம். ஆனால் சம்பளம் நிற்காது. என்னைக் கேட்டால் இந்த ஏணியின் வரலாற்றில் 1946-ஐ விட 1994 முக்கியமான வருடம்.

வரவுப் பக்கத்தையும் பார்க்க வேண்டும் அல்லவா? 2015 தேர்வை டிப்ளமோ முடித்தவரும் எழுதலாம், டிகிரி முடித்தவரும் எழுதலாம். பதவி ஒன்று, சம்பளம் ஒன்று. டிகிரியால் திறப்பது வேறு கதவுகள்: எம்.எஸ்சி., ஆசிரியர் வேலை. வார்டிலேயே இருக்க ஆசைப்படுகிற ஒரு நல்ல சிஸ்டருக்கு, வார்டிலேயே அந்தப் படிப்புக்கு மதிப்பு எங்கே?

நோயாளிக்கு என்ன லாபம்?

அமெரிக்காவில் இந்த வாதம் 1965-லிருந்து நடக்கிறது. அந்த வருடம்தான் அங்குள்ள நர்ஸ்கள் சங்கம் தொழில்முறை நர்ஸுக்குப் பட்டம் வேண்டும் என்று அறிவித்தது. 2003-ல் லிண்டா எய்கன் குழு பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்தது. பட்டம் பெற்ற நர்ஸ்களின் பங்கு 10 சதவீதம் கூடினால், அறுவை சிகிச்சை நோயாளிகள் இறக்கும் வாய்ப்பு 5 சதவீதம் குறைந்திருந்தது. 2014-ல் 9 ஐரோப்பிய நாடுகளில் பார்த்தபோது அது 7 சதவீதம். பட்டம் மட்டுமே காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒதுக்கித் தள்ளவும் முடியாது. நியூயார்க் மாநிலம் 2017-ல் ஒரு சட்டம் போட்டது. புதிதாகப் பதிவு செய்யும் நர்ஸ்கள் 10 வருடத்துக்குள் பட்டம் வாங்க வேண்டும். முதலில் வேலை, பிறகு பட்டம். நம்ம ஊர் "அப்புறமா"தான், ஆனால் கெடு வைத்த "அப்புறமா"!

நம்ம ஊரில் இது எவ்வளவு முக்கியம் என்று நினைத்துப் பாருங்கள். 2018 மார்ச் 11-ல் குரங்கணி காட்டுத் தீ. மலையிலிருந்து இறக்கியவர்களை முதலில் கொண்டு வந்தது போடி அரசு மருத்துவமனைக்கு. பிறகுதான் தேனி, மதுரை. தீக்காயத்தில் முதல் சில மணி நேரம் முக்கியம். எவ்வளவு திரவம் ஏற்றுவது, மூச்சுக்குழாய் வீங்குகிறதா, சிறுநீர் குறைகிறதா என்று பக்கத்திலேயே நின்று கவனிக்க வேண்டும். அப்படி நிற்பவர் நர்ஸ்தான். மலைக் கிராமத்திலிருந்து டோலி கட்டித் தூக்கி வருகிற கர்ப்பிணிக்கும் அப்படித்தான்.

என் கருத்து இதுதான். டிப்ளமோ படித்தவர் குறைந்தவர் இல்லை. இந்த நாட்டு வார்டுகளை இத்தனை வருடம் தாங்கியவர்கள் அவர்கள். அவர்கள் மேலே படித்தால் லாபம் நோயாளிக்கு. செலவை மட்டும் ஏன் அந்தப் பெண்ணின் குடும்பம் தனியாகச் சுமக்க வேண்டும்? சம்பளத்தோடு படிப்பு விடுப்பு, முடித்து வந்தால் வார்டிலேயே ஒரு படி உயர்வு. இந்த இரண்டும் எல்லா மருத்துவமனையிலும் கிடைத்தால் "அப்புறமா" என்பது வெறும் சமாதானமாக இருக்காது.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ டிப்ளமோ சேரப் போகிற தங்கை இருந்தால் 1963-ஐயும் 1994-ஐயும் சொல்லி வையுங்கள். ஏணி இருக்கிறது என்று தெரிந்தால்தானே ஏற முடியும்?