விதியா, குருதியா?

பிள்ளை வரம் வேண்டியும், பிறந்த பிள்ளை பிழைக்க வேண்டியும் மண்டபத்தைக் கடந்து, பாம்பன் பாலம் ஏறி, இராமேசுவரம் செல்வோர் எத்தனை பேர்! நாகதோஷம் என்கிறார் சோதிடர். முற்பிறவிப் பாவம் என்கிறார் புரோகிதர். மருமகள் வந்த வேளை என்கிறார் மாமியார். மூவர் வாக்கும் முடிவில் ஒன்றே: பழி, பெண் மேல்!

அறிவியல் கூறுவதென்ன? அரிவாள் செல் சோகைக்குக் காரணம் ஈமோகுளோபினின் மாறுபாடே என 1949-இல் லைனஸ் பாலிங் குழுவினர் நிறுவினர். அக்கூறு நீலகிரி மலைவாழ் மக்களிடம் இருப்பதை 1952-இல் லேமனும் கட்புஷும் கண்டறிந்தனர். தலசீமியாவும் இத்தகைய பரம்பரைக் குருதிநோயே. நோய்க்கூற்றைச் சுமப்பவர் நலமாகவே வாழ்வார். தாய் தந்தை இருவருமே அதனைச் சுமந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அக்காள் மகளையும் அத்தை மகளையும் மணக்கும் நம் வழக்கம், இருவரிடமும் ஒரே கூறு அமையும் வாய்ப்பைப் பெருக்குகிறது. இருவர் தந்த நோய்க்கு ஒருத்தி மட்டும் குற்றவாளியா?

குருதிச் சோதனை இதனைக் காட்டிவிடும். ஆயினும் கருவுற்ற மனைவியை அனுப்பிவைக்கும் கணவன், "எனக்கு எதற்கு?" என்று ஒதுங்குகிறான். "தெரிந்தால் தங்கைக்கு வரன் வருமா?" என்று தயங்குகிறது குடும்பம்.

இந்த அச்சம் முழுவதும் மடமையன்று. அதற்கும் வரலாறு உண்டு. கண்டிச் சீமைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் தொழிலாளரை இதே மண்டபத்து முகாமில் அடைத்து, சோதித்து, அம்மை குத்தி, தனுஷ்கோடி வழியாக அனுப்பினர் வெள்ளையர். அச்சோதனை யாருக்காக? இலங்கைக்குள் நோய் நுழையாதிருக்கவும், தோட்டத்திற்கு உழைக்கும் உடல் கிடைக்கவுமே! செருமனியிலோ, 1933-ஆம் ஆண்டுச் சட்டம் பரம்பரை நோயாளர் என முத்திரையிட்டுப் பல்லாயிரவரைக் கட்டாயமாக மலடாக்கியது.

எனவே நாம் கேட்பது கட்டாயமன்று, அறிவு. சோதனை இருவருக்கும் நடக்கட்டும். மணத்திற்கு முன்பே நடந்தால் மிக நன்று. முடிவு கமுக்கமாய்க் காக்கப்படட்டும். கருவைச் சோதித்தறியவும் இன்று வழியுண்டு. அதன்பின் என்ன செய்வதென்று தாய்தான் முடிவு செய்ய வேண்டும். கருப்பை பெண்ணின் உரிமை என்று முழங்கிய பெரியாரின் வழி அதுவே.

தோழர்களே, ஒன்றை மறவாதீர்! ஜாதகத்தைக் கிழித்தெறிந்த நாம், குருதிச் சோதனையைப் புதிய ஜாதகமாக்கிவிடலாகாது. நோய்க்கூற்றைச் சுமப்பவர் குறையுடையவர் அல்லர். குறையெல்லாம், பெண்ணை மட்டும் கூண்டிலேற்றும் சமுதாயத்தில்தான்!